தேங்காய்ப்பூத் துண்டுக்கு ‘டெர்ரி’ என்ற பெயர் எப்படி வந்தது?

கடையில் டவல் வாங்கும்போது அதன் அட்டையில் ‘காட்டன் டெர்ரி’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, இந்த டெர்ரி என்பது என்ன, அது ஓர் ஆளின் பெயரா, துருக்கியோடு அதற்குத் தொடர்பு உண்டா, பாலியெஸ்டரும் பருத்தியும் கலந்த டெரிகாட்டனில் வருகிற ‘டெரி’யும் இதுவும் ஒன்றுதானா, தமிழில் இதற்கு என்ன சொல்லலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொன்னால், டெர்ரி என்பது துணியின் மேல் எழும்பி நிற்கும், வெட்டப்படாத நூல் வளையத்தைக் குறிக்கும் ஆங்கில நெசவுச் சொல். அது ஆளின் பெயர் அன்று. துருக்கிச் சொல்லும் அன்று. டெரிகாட்டனோடு அதற்கு எந்த உறவும் இல்லை. ‘இழுக்கப்பட்டது’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்று அகராதிகள் சொல்கின்றன. ஆனால் ‘இருக்கலாம்’ என்பதோடு அவை நிறுத்திக்கொள்கின்றன. ஏன் நிறுத்திக்கொள்கின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். டெர்ரி என்றால் டவல் என்று இன்று பலர் நினைக்கிறார்கள். சொல் முதலில் குறித்தது டவலையும் அன்று, துணியையும் அன்று. துணியின் முகத்தில் நிற்கும் வளையத்தை மட்டுமே. வீட்டிலிருக்கும் தடித்த டவல் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் மடித்துப் பாருங்கள். மடிப்பின் விளிம்பில் சிறு சிறு வளையங்கள் வரிசையாக நிற்பது தெரியும். பழைய டவலாக இருந்தால் வளையலிலோ நகத்திலோ மாட்டி நீண்டு தொங்கும் ஒரு வளையமும் நிச்சயம் இருக்கும். அதை மெதுவாக இழுத்தால், அதே கோட்டில், துணியின் நீளவாக்கில், பக்கத்து வளையங்கள் ஒவ்வொன்றாகத் துணிக்குள் மறைந்துபோவதைக் காணலாம். அத்தனை வளையங்களும் ஒரே நூல்தான் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். (இப்படித் தொங்கும் வளையத்தைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிட வேண்டும், இழுக்கக் கூடாது. சோதனைக்காக ஒரு முறை இழுத்ததோடு விட்டுவிடுங்கள்.)

அந்த வளையம் தறியில் எப்படி உருவாகிறது என்று பார்த்துவிட்டால், சொல்லின் வரலாற்றிலுள்ள சிக்கல் எளிதில் விளங்கும். சாதாரணத் துணிக்கு ஒரு பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் ஒரு நூல்தொகுதி, போதும். டெர்ரி நெய்யும் தறியில் இரண்டு பாவுகள் தனித்தனி உருளைகளில் ஏற்றப்பட்டிருக்கும். ஒன்று அடித்துணிக்கான பாவு. அது விறைப்பாக இருக்கும். மற்றொன்று வளையத்துக்கான பாவு. அது தளர்வாக விடப்பட்டிருக்கும். வழக்கமான நெசவில் ஊடை நூல் குறுக்கே சென்றதும், அச்சு என்னும் சீப்பு போன்ற சட்டம் அதைத் தட்டி, ஏற்கெனவே நெய்த துணியோடு சேர்த்துவிடும். டெர்ரியிலோ முதல் இரண்டு ஊடைகளை அச்சு முழுவதும் தட்டாமல், துணியின் விளிம்புக்குச் சற்று முன்னதாகவே நிறுத்திவிடும். மூன்றாவது ஊடை வந்த பிறகு மூன்றையும் சேர்த்து ஒரே தட்டில் விளிம்புவரை தள்ளும். அப்போது விறைப்பான அடிப்பாவின் மேல் அந்த மூன்று ஊடைகளும் வழுக்கிச் செல்கின்றன. தளர்வான பாவு நூலையோ தம்மோடு பிடித்துக்கொண்டு போகின்றன. போக இடமில்லாத அந்த நூல் துணியின் மேலும் கீழுமாக வளைந்து எழுகிறது. எழுந்த வளையம்தான் டெர்ரி. டவலின் இரு முனைகளிலும் வளையமே இல்லாத தட்டையான ஒரு பட்டை ஓடுகிறதல்லவா, அந்த இடத்தில் அச்சு ஒவ்வொரு ஊடையையும் முழுதாகத் தட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

கவனியுங்கள், இந்த முறையில் வளையத்தை யாரும் இழுக்கவில்லை; அது தள்ளப்படுகிறது. பிறகு ஏன் ‘இழுக்கப்பட்டது’ என்ற பெயர்? டவல் வருவதற்கு முன்பே சொல் வந்துவிட்டது என்பதே விடை. ஆங்கிலத்தில் ‘டெர்ரி’ முதன்முதலாகப் பதிவானதற்கு அகராதிகள் காட்டும் ஆண்டு 1784. அன்றைக்கு இங்கிலாந்தில் இயந்திரத்தில் நெய்த வளைய டவல் கிடையாது. அப்போது டெர்ரி என்பது வெல்வெட்காரர்களின் சொல். வெல்வெட் நெய்பவர்கள் மேல்பாவு நூலை மெல்லிய உலோகக் கம்பிகளின் மேல் ஏற்றி நெய்வார்கள். சில வரிசை நெய்த பிறகு கம்பியைப் பக்கவாட்டில் உருவுவார்கள். கம்பியின் நுனியில் சிறு கத்தி இருந்தால் அது வளையங்களை அறுத்துக்கொண்டே வெளியேறும். அறுபட்ட நூல் முனைகள் நிமிர்ந்து நின்று நாமறிந்த மயிர் போன்ற வெல்வெட் ஆகிவிடும். கத்தியில்லாத கம்பியை உருவினால் வளையம் வளையமாகவே நிற்கும். அப்படி அறுபடாமல் நின்ற வெல்வெட்டுக்குத்தான் ‘டெர்ரி வெல்வெட்’ என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீமாட்டிகளின் தொப்பிகளுக்கும் இருக்கைகளின் உறைகளுக்கும் அந்தத் துணி பயன்பட்டது. ஈரம் துடைப்பதற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இப்போது பிரெஞ்சு மூலத்துக்கு வருவோம். ‘இழு’ என்னும் பொருளுடைய பிரெஞ்சு வினை ‘திரே’. ‘இழுக்கப்பட்ட’ என்னும் எச்ச வடிவத்துக்கும் எழுத்தில்தான் வேறுபாடு; உச்சரிப்பு அதே ‘திரே’தான். கம்பியை உருவி வளையத்தை எழுப்பும் நெசவை ‘இழுத்த வெல்வெட்’ என்று அழைத்திருப்பார்கள், அது ஆங்கில நெசவாளர் வாயில் ‘டெர்ரி’ ஆகியிருக்கும் என்பது கருத்து. இதற்குத் துணையாக, ஜெர்மன் மொழியிலும் ‘இழுத்த வெல்வெட்’ என்றே பொருள்படும் ஒரு தொடர் இருப்பதைக் காட்டுவார்கள். வரலாற்றுச் சூழலும் இடம்கொடுக்கிறது. 1685இல் பதினான்காம் லூயி மன்னர், புராட்டஸ்டண்டுகளுக்கு மத உரிமை தந்திருந்த நாண்ட் ஆணையை நீக்கியபோது பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகள் பெருந்தொகையாக நாட்டைவிட்டு வெளியேறினார்கள். அவர்களில் பட்டு நெசவாளர் பலர் லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் குடியேறித் தறி போட்டார்கள். ஒரு தொழில் இடம் பெயரும்போது அதன் சொற்களும் கூடவே பெயரும். ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் தறிக்கூடங்களில் பிரெஞ்சு நெசவுச் சொற்கள் புழங்கியதில் வியப்பில்லை.

ஒலியைப் பொறுத்தவரை பாதி ஒத்துவருகிறது, பாதி இடிக்கிறது. பிரெஞ்சுச் சொல்லின் இறுதி ‘ஏ’ ஆங்கிலத்தில் ‘இ’ ஆவதற்கு நமக்கே தெரிந்த உதாரணங்கள் உண்டு. ‘ஆர்மே’ என்பது ‘ஆர்மி’ ஆனது. உறையவைத்தது என்று பொருள்படும் ‘ழெலே’ தான் நாம் ரொட்டியில் தடவும் ‘ஜெல்லி’. ஆனால் இவையெல்லாம் இடைக்காலத்திலேயே ஆங்கிலத்துக்குள் வந்துவிட்ட சொற்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் வந்த பிரெஞ்சுச் சொற்கள் பெரும்பாலும் அந்த ‘ஏ’யை விடாமல் வைத்துக்கொண்டன. முதலெழுத்தின் ‘இ’ ஏன் ‘எ’ ஆக வேண்டும் என்பதற்கும் நல்ல விளக்கம் இல்லை. அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. அறுக்காத வெல்வெட்டுக்குப் பிரெஞ்சில் வழக்கமான பெயர் ஊசியை அல்லது சுருளை அடிப்படையாகக் கொண்டது. கம்பியை ஊசியாகப் பார்த்து ‘ஊசி வெல்வெட்’ என்பார்கள், அல்லது சுருண்ட வெல்வெட் என்பார்கள். கொடுத்ததாகச் சொல்லப்படும் மொழியில் அந்தப் பொருளுக்கு அந்தச் சொல் பெருவழக்காக இல்லை என்றால் ஐயம் எழத்தானே செய்யும்?

இதில் என் கருத்தையும் ஒரு வரி சேர்த்துக்கொள்கிறேன். பிரெஞ்சுப் பட்டு நெசவில் ‘இழுப்பு’ என்ற சொல்லுக்கு வேறொரு வேலையும் இருந்தது. பாவு நூல்களைத் தானே தூக்கும் ஜக்கார்டு இயந்திரம் வருவதற்கு முன், பூ வேலைப்பாடு நெய்யும் தறியில் ஓர் உதவியாள் கயிறுகளை இழுத்து இழுத்துப் பாவு நூல்களைத் தூக்கிக் கொடுப்பார். அந்தத் தறிக்குப் பிரெஞ்சில் பெயரே ‘இழுப்புத் தறி’. எனவே ‘இழுத்த வெல்வெட்’ என்றால் கம்பியை உருவிய வெல்வெட்டா, இழுப்புத் தறியில் பூப்போட்ட வெல்வெட்டா என்பது திட்டமாகச் சொல்லக்கூடியது அன்று. நான் பிரெஞ்சு மூலத்தை மறுக்கவில்லை. கையிலுள்ளவற்றில் அதுவே சிறந்தது. ஆனால் அதை முடிந்த முடிவாக எழுதும் விளம்பரக் குறிப்புகளைக் காட்டிலும், ‘இருக்கலாம்’ என்று அடக்கமாகச் சொல்லும் அகராதிதான் நம்பத் தக்கது.

‘டெர்ரி என்று ஒருவர் இருந்தார், அவர் கண்டுபிடித்தார்’ என்னும் கதைக்கு எந்த ஆதாரமும் கிடையாது. மூலம் தெரியாத சொல்லுக்கு ஓர் ஆளையோ அரசரையோ ஒட்டவைப்பது மனிதர்களின் பழைய பழக்கம். ‘கார்டுராய்’ துணிக்கு ‘அரசரின் கயிறு’ என்று பிரெஞ்சில் பொருள் சொல்வார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அந்தத் துணியை அப்படி அழைத்ததே இல்லை. அந்தக் கதையும் இந்த வகைதான்.

துருக்கித் தொடர்பு மட்டும் உண்மையானது; ஆனால் அது பொருளோடு வந்த தொடர்பு, சொல்லோடு வந்தது அன்று. இன்றைய துருக்கியின் பூர்சா நகரம் பட்டுக்கும் துணிக்கும் பேர்போனது. அங்கே குளியல் கூடங்களுக்காகக் கையால் நெய்யப்பட்ட வளைய டவல்களை ஆங்கிலேயரான ஹென்றி கிறிஸ்டி பார்த்து, ஒரு மாதிரியை ஊருக்குக் கொண்டுவந்தார். மான்செஸ்டருக்கு அருகே டிராயில்ஸ்டனில் இருந்த அவர்கள் குடும்ப ஆலையில் வேலை பார்த்த சாமுவேல் ஹோல்ட் என்பவர் அந்த வளையத்தை இயந்திரத் தறியில் எழுப்பும் வழியை 1850 வாக்கில் வகுத்தார். 1851இல் லண்டனில் நடந்த உலகக் கண்காட்சியில் அந்த டவல் வைக்கப்பட்டது. விக்டோரியா அரசியாரின் ஆதரவும் கிடைத்ததால் ‘ராயல் டர்க்கிஷ் டவல்’ என்ற பெயரோடு விற்கப்பட்டது. (அந்தக் கிறிஸ்டி நிறுவனத்தை 2006இல் வாங்கியது நம் நாட்டு வெல்ஸ்பன்.) ஆக, 1784க்கும் 1850க்கும் இடையே ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் இருக்கின்றன. வெல்வெட்காரர்கள் வளையத்துக்கு வைத்திருந்த பழைய பெயரைப் புதிதாக வந்த பருத்தி டவல் தனதாக்கிக்கொண்டது. நம் பெற்றோர் தலைமுறையினர் ‘டர்க்கி டவல்’ என்று சொன்னதும், இன்றைய அட்டையில் ‘டெர்ரி’ என்று இருப்பதும் ஒரே பொருளுக்கு இரு வேறு வழிகளில் வந்த பெயர்கள்: ஒன்று ஊரைச் சொல்கிறது, மற்றொன்று நெசவைச் சொல்கிறது.

துருக்கியர்கள் தங்கள் டவலை எப்படி அழைக்கிறார்கள் என்று கேட்டால் பதில் அழகானது. ‘ஹவ்’ என்றால் துணியின் மேலுள்ள மயிர் போன்ற பகுதி. ‘ஹவ்லு’ என்றால் அது உடையது. துருக்கியில் டவலுக்குப் பொதுப்பெயரே அதுதான். பிரெஞ்சும் இத்தாலியும் இந்தத் துணியைக் கடற்பஞ்சு என்று அழைக்கின்றன. ஜெர்மன், தேய்ப்பது என்று பொருள்படும் பிரெஞ்சு வினையைக் கடன் வாங்கிக்கொண்டது. ஸ்பானியம் சுருள்முடி என்கிறது. போர்ச்சுக்கல்லில் வெறுமனே ‘துருக்கி’ என்றாலே இந்தத் துணிதான். ருஷ்ய மொழியில் இதற்கு வழங்கும் சொல் அடுக்குமல்லி போன்ற அடுக்கிதழ்ப் பூக்களுக்கும் வழங்குகிறது. இவையெல்லாம் கேட்டவுடன் விளங்குபவை. ஆங்கிலம் பேசுபவருக்கு மட்டும் ‘டெர்ரி’ என்பது எதையும் காட்டாத வெற்றொலி. ஆளின் பெயரோ என்று அவர்களே மயங்குவது அதனால்தான்.

இனி டெரிகாட்டன். இந்தக் கேள்வியை நம் ஊரில்தான் கேட்பார்கள். கேட்க நியாயமும் இருக்கிறது. டெரிகாட்டன் சட்டை என்பது ஒரு காலத்தில் மாப்பிள்ளைக்கு எடுக்கும் துணியாக இருந்தது. அதில் வரும் ‘டெரி’ டெரிலினின் தலைப்பகுதி. டெரிலின் என்பது 1941இல் இங்கிலாந்தில் ரெக்ஸ் வின்ஃபீல்டும் ஜேம்ஸ் டிக்சனும் உருவாக்கிய பாலியெஸ்டர் இழையின் வணிகப் பெயர். டெரிதாலிக் அமிலத்தையும் எத்திலீனையும் ஒட்டி அந்தப் பெயரைச் செய்தார்கள். டெரிதாலிக்கில் உள்ள ‘டெரி’யோ டெரிபின்த் என்னும் மரத்தின் பிசினிலிருந்து வந்தது, பெயின்டர் கையிலிருக்கும் டர்பன்டைனும் அதே மரத்தின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. ஆகையால் டெரிகாட்டனுக்கு உறவு தேடினால் டர்பன்டைன் டப்பாவுக்குத்தான் போக வேண்டும், டவலுக்கு அல்ல. போகிற போக்கில் இன்னொன்று: அவ்விருவரும் வேலை பார்த்த நிறுவனத்தின் பெயர் காலிகோ பிரின்டர்ஸ் அசோசியேஷன். அந்தக் ‘காலிகோ’ என்ற பருத்தித் துணியின் பெயர் நம் கள்ளிக்கோட்டையிலிருந்து கப்பலேறியது.

பெயர்தான் ஒன்றுபோல் ஒலிக்கிறதே தவிர, குணத்தில் இரண்டும் எதிரெதிர். வழக்கமான ஈரப்பதமுள்ள காற்றில் வைத்தால் பருத்தி தன் உலர்ந்த எடையில் சுமார் 8.5 சதவீத ஈரத்தைத் தானாகவே பிடித்து வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் பிடிப்பது 0.4 சதவீதம். டெரிகாட்டன் சட்டை துவைத்துத் தொங்கவிட்ட சிறிது நேரத்தில் காய்ந்ததும், வெயிலில் அணிந்தால் வேர்வையை வாங்காமல் முதுகில் ஒட்டிக்கொண்டதும் இதனால்தான். டவலில் பருத்தியின் அந்தக் குணத்தோடு வளையமும் சேர்ந்துகொள்கிறது. தட்டைத் துணியில் நூலின் பெரும்பகுதி குறுக்கு நூலுக்கு அடியில் புதைந்து கிடக்கும். டெர்ரியில் அது வெளியே நிற்பதால் தண்ணீரைத் தொடும் பரப்பு பன்மடங்காகிறது. வளையத்துக்கான நூலை முறுக்குக் குறைவாக நூற்பதும் அதற்காகவே. இழைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய சந்துகளில் தண்ணீர் தானாக ஏறிக்கொள்ளும். புதுடவல் முதல் நாள் தண்ணீரை வாங்காமல் உடம்பின் மேல் வழுக்கிக்கொண்டு போவதற்கு, ஆலையில் மென்மைக்காகப் பூசிய பொருள் காரணம். இரண்டு மூன்று முறை அலசியதும் சரியாகிவிடும். துவைக்கும்போது நாமே மென்மையூட்டும் திரவத்தை ஊற்றிக்கொண்டிருந்தால் சரியாகாது.

திருப்பூரில் ‘பிரெஞ்ச் டெர்ரி’ என்று ஒரு துணி ஓடுகிறதே, அது என்ன என்று இதைப் படிக்கும் பனியன் கம்பெனிக்காரர் யாராவது கேட்பார். அது பின்னல் துணி. தறியில் நெய்தது அன்று. ஒரு முகம் வழவழப்பாகவும் உட்பக்கம் சிறு வளையங்களாகவும் இருக்கும். வளையம் இருப்பதால் டெர்ரி என்ற பெயர் பொருந்துகிறது. வளையங்களைப் பிரஷ் போட்டுக் கலைத்துவிட்டால் அதுவே ஃபிளீஸ்.

கடைசியாகத் தமிழ்ப் பெயர். துடைக்கும் துணிக்கு நம்மிடம் சொல் பஞ்சம் இல்லை. துண்டு இருக்கிறது. நாஞ்சில் நாட்டில் துவர்த்து இருக்கிறது. ஈரம் போகத் துடைப்பது என்ற பொருளில் ‘துவர்த்துதல்’ நல்ல தமிழ் வினை, மலையாளத்தின் ‘தோர்த்து’ அதன் உடன்பிறப்பு. ஈரிழைத் துவர்த்து என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தரும் மெல்லிய துணி, வளையம் ஏதுமின்றியே நன்றாக ஈரம் வாங்கும். நம் ஊர்க் காற்றில் டெர்ரியைவிட விரைவில் காயவும் செய்யும். ஈழத் தமிழில் வழங்கும் ‘துவாய்’ போர்ச்சுக்கீசியர் விட்டுச்சென்ற ‘துவாலியா’விலிருந்து வந்தது, சிங்களத்திலும் இந்தியிலும் அதே சொல் சிறு மாற்றங்களோடு வழங்குகிறது. ஆங்கில ‘டவ’லும் போர்ச்சுக்கீசியச் சொல்லும், கழுவுதல் என்று பொருள்படும் ஒரே ஜெர்மானிய வேரிலிருந்து பிரிந்தவை. ஆகவே யாழ்ப்பாணத்துத் துவாயும் சென்னை டவலும் தூரத்துப் பங்காளிகள்.

ஆனால் இவை எல்லாம் டவலைக் குறிப்பவை, வளையத்தைக் குறிப்பவை அல்ல. வளையத்தைப் பார்த்து நம்மவர்கள் வைத்த பெயர் ‘தேங்காய்ப்பூத் துண்டு’. துருவிய தேங்காயைத் தட்டில் கொட்டினால் எப்படி வெள்ளையாக, உதிரி உதிரியாக, பூப்போல இருக்குமோ அப்படித்தான் வெள்ளை டவலின் மேற்பரப்பும் இருக்கிறது. யார் வைத்த பெயரோ, பிரெஞ்சுக்காரரின் கடற்பஞ்சுக்கும் ருஷ்யரின் அடுக்குப் பூவுக்கும் இது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. நீங்கள் வீட்டு உபயோகத்துக்கோ கதை கட்டுரைக்கோ எழுதுகிறீர்கள் என்றால் தயங்காமல் இதையே எழுதலாம். ஆனால் விலைப்பட்டியலோ நெசவுக் குறிப்போ எழுதுவதானால், பின்னலாடைத் துணிக்கும் குளியல் அங்கிக்கும் தேங்காய்ப்பூ என்று எழுதினால் வாங்குபவர் திகைப்பார். அங்கே ‘டெர்ரி’ என்றே எழுதிவிட்டு, முதன்முறை வருமிடத்தில் ‘அறுக்காத நூல் வளையங்கள் உள்ள துணி’ என்று ஒரு விளக்கம் சேர்த்தால் போதும்.